செங்கோட்டையில் ஒரு பொது இரவு: தில்லியின் உருது, இந்தி அகாதமிகளுக்கு ஒரு திறந்த மடல்

தில்லி உருது அகாதமி, தில்லி இந்தி அகாதமி ஆகியவற்றின் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், தில்லி அரசின் கலை, பண்பாடு, மொழித்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் குடியரசு நாளை ஒட்டிய குளிர்கால இரவுகளில் செங்கோட்டையின் பெயரால் இரண்டு அவைகள் கூடுகின்றன. ஒன்று உருது அகாதமி நடத்தும் முஷாயிரா என்ற உருதுக் கவியரங்கம், மற்றது இந்தி அகாதமி நடத்தும் கவி சம்மேளனம் என்ற இந்திக் கவியரங்கம். இரண்டும் ஒரே துறையின் பணத்தில், ஏறத்தாழ ஒரே வகையான மேடையில், பெரும்பாலும் ஒரே நகரத்து மக்களுக்காக நடப்பவை. ஆயினும் நாளும் அழைப்பிதழும் அறிவிப்புப் பலகையின் எழுத்தும் வேறு வேறு. இவ்விரண்டு இரவுகளையும் இப்போது இருப்பதுபோலவே விட்டுவிட்டு, மூன்றாவதாக ஒரு பொது இரவை இரு அகாதமிகளும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் தில்லியில் நெடுங்காலமாக வசிக்கும் தமிழன். இந்தியும் உருதும் பள்ளியில் நான் படித்தவை அல்ல. பேருந்திலும் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் காதில் விழுந்து படிந்தவை. அவற்றில் ஓரளவு நுட்பம் பிடிபட்டதென்றால் அதற்கு இந்த அவைகளின் பின்வரிசை நாற்காலிகளே காரணம். தமிழில் ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். 2021இல் உங்கள் துறையே தமிழ் அகாதமி ஒன்றைத் தொடங்கியிருப்பதால், இம்மடலை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் உங்கள் கட்டடத்திலேயே கிடைப்பார் என்று நம்புகிறேன். தவிர, என்னைப் போலவே அந்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் தில்லித் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்த்த மாநிலத்திலிருந்து வந்தவன் நான். அந்த எதிர்ப்பில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. அரசாணை வழியாக வந்து சேரும் மொழியையும், நள்ளிரவு கடந்தும் கலையாத கூட்டத்தின் முன் ஒரு கவிஞரின் குரலில் வந்து சேரும் அதே மொழியையும் பிரித்தறிய எங்களுக்குத் தெரியும்.

இரண்டு அவைகளுக்கும் சென்று பழகியவர்களுக்கு முதலில் புலப்படுவது, மேடையை விடக் கூட்டத்தின் ஒற்றுமைதான். முஷாயிராவில் நாஸிம் என்பவரும் கவி சம்மேளனத்தில் சஞ்சாலக் என்பவரும் செய்யும் வேலை ஒன்றே: கவிஞரை அறிமுகப்படுத்துவது, சோர்ந்த கூட்டத்தை எழுப்புவது, யாருக்குப் பிறகு யாரை அழைத்தால் அவை கலையாது என்று கணிப்பது. இளையவர் முதலில், மூத்தவர் பின்னால், தலைமை வகிப்பவர் கடைசியில் என்ற வரிசையும் இரண்டுக்கும் பொது. பழைய முஷாயிராக்களில் எரியும் மெழுகுவர்த்தியை யார் முன் கொண்டுபோய் வைக்கிறார்களோ அவர் படிக்க வேண்டும். அந்த இடத்தை இன்று ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டது. கஜல் படிப்பவர் ஷேரின், அதாவது ஈரடிக் கண்ணியின், முதல் அடியைச் சொல்கிறார், கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லித் தூக்கிக் கொடுக்கிறது, அவர் மீண்டும் அதே அடியைச் சொல்லிச் சற்று நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் தேர்ந்த ரசிகர்கள் வரப்போகும் காஃபியாவை, அதாவது இயைபுச் சொல்லை, ஊகித்துவிடுகிறார்கள். இரண்டாம் அடியின் முடிவைக் கவிஞரும் அவையும் சேர்ந்தே சொல்லி முடிக்கிறார்கள். கீத் என்ற இசைப்பாடலைப் பாடும் இந்திக் கவிஞரிடம் திரும்பத் திரும்ப வரும் பல்லவி அடி இதே வேலையைச் செய்கிறது. கேட்பவர் பாதி, சொல்பவர் பாதி என்று முடியும் கவிதை இது. அச்சில் படிக்கும்போது அந்தப் பாதி காணாமல் போய்விடும். ‘வாஹ் வாஹ்’ என்பதையும், மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கும் ‘முகர்ரர்’ என்பதையும் கவி சம்மேளனத்தில் எழுப்புகிறவர்கள் அது எந்த மொழிச் சொல் என்று யோசித்ததாக நான் கண்டதில்லை.

இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. 18ஆம் நூற்றாண்டுத் தில்லியில் குவாஜா மீர் தர்த் வீட்டில் மாதந்தோறும் 15ஆம் நாள் கூடிய ரேக்தாக் கவியரங்கம் (உருதுக் கவிதைக்கு அந்நாளில் வழங்கிய பெயர் ரேக்தா), பின்னர் மீர் தகி மீரின் வீட்டுக்கு மாறியது. கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபரின் காலத்தில் சௌக், மோமின், காலிப் ஆகியோர் கோட்டைக்குள்ளும் வெளியிலும் படித்தார்கள். அந்த வழியில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதை ஒரு சமயத்தாரின் சொத்து என்று எழுதிவைக்க எவராலும் இயலாது. தயாசங்கர் நசீம், பிரஜ் நாராயண் சக்பஸ்த், திலோக் சந்த் மஹ்ரூம், ஆனந்த் நாராயண் முல்லா என்று அந்த வரிசை நீளும். ரகுபதி சகாய் என்ற இயற்பெயருடைய ஃபிராக் கோரக்பூரி, உருதுக் கவிதைக்காக 1969ஆம் ஆண்டின் ஞானபீடத்தைப் பெற்றார். இதே தில்லியில், உருதுவில் கவிதை எழுதிய, ஆலைக் குடும்பத்தினர் இருவரான சங்கர் லால் ‘சங்கர்’, முரளிதர் ‘ஷாத்’ ஆகியோரின் நினைவாக 1950களில் தொடங்கிய சங்கர்-ஷாத் முஷாயிராவைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். நவீன இந்தி இலக்கியத்தின் முன்னோடி என்று கொண்டாடப்படும் பாரதேந்து ஹரிச்சந்திரர் ‘ரசா’ என்ற புனைபெயரில் உருது கஜல் எழுதினார். இந்திக் கவி சம்மேளன மேடை கண்ட மிகப் பெரும் வெற்றியான ஹரிவம்ச ராய் பச்சனின் ‘மதுசாலா’, 1933இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முன் பாடப்பட்டுப் புகழ் பெற்று, 1935இல் நூலாயிற்று. அதன் நாலடிச் செய்யுள்களின் இயைபு அமைப்பு பாரசீக ருபாயியிலிருந்து வந்தது. துஷ்யந்த் குமார் 1975இல் தம் மறைவுக்குச் சற்று முன் வெளியிட்ட கஜல் தொகுப்புக்குப் பிறகு, இந்தியில் கஜல் எழுதுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பல்ராம்பூரின் பேகல் உத்சாஹி உருது கஜலையும் அவதி என்ற வட்டார மொழியின் மணம் வீசும் கீத்களையும் ஒரே இரவில் படித்து, முஷாயிராவிலும் கவி சம்மேளனத்திலும் ஒன்றுபோல் வரவேற்பைப் பெற்றார். உத்தரப் பிரதேசத்தின் சிற்றூர்களில் பொருட்காட்சி நடத்தும் குழுவினர் இன்றும் இரு மொழிக் கவிஞர்களையும் ஒரே மேடையில் அமர்த்துகிறார்கள். அந்தக் குழுக்களுக்கு ஆட்சிக்குழுவும் இல்லை, மொழித்துறையும் இல்லை.

ஆகவே, பொது இரவு என்று நான் கேட்பது புதுமை எதுவும் அன்று. ஆனால் இரு பக்கத்திலிருந்தும் ஐந்தைந்து பேரை அழைத்து மாறி மாறிப் படிக்கச் சொல்வதோடு அது நின்றுவிட்டால், நல்லெண்ண விழாவாகத்தான் முடியும். கவிதைக்கு அதனால் பெரிய ஆதாயம் இராது. நான் கேட்பது அடி கொடுத்து நடத்தும் அவையை. முஷாயிராவின் பழைய முறையில் ஓர் அடியை முன்னதாகவே அறிவிப்பார்கள். வரும் கவிஞர் அனைவரும் அந்த அடியின் சந்தத்திலும் இயைபிலும் புதிய கஜல் எழுதிவர வேண்டும். இதற்குத் தரஹி முஷாயிரா என்று பெயர். பிரஜ் மொழியிலும் பின்னர் இன்றைய இந்திக்கு அடிப்படையான கடிபோலியிலும் சமஸ்யா பூர்த்தி என்ற பெயரில் வழங்கியதும் இதுவே: ஈற்றடியையோ அதன் ஒரு பகுதியையோ கொடுத்துவிட, கவிஞர்கள் சவையா, கவித்து என்ற செய்யுள் வகைகளில் ஒன்றை அதில் கொண்டுவந்து முடிப்பார்கள். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கான்பூரில் கயாபிரசாத் சுக்ல ‘சனேஹி’ போன்றவர்கள் கவி சம்மேளனத்தை வளர்த்தெடுத்த காலத்திலும் சமஸ்யா பூர்த்திக்கு அங்கே உரிய இடம் இருந்தது. இன்று இரண்டு மேடைகளிலும் இந்த வழக்கம் அருகிவிட்டது. புகழ்பெற்ற கவிஞர் பல ஆண்டுகளாகக் கைதட்டல் வாங்கிய அதே கவிதையை மீண்டும் படிக்கிறார். அதைக் காணொளியில் ஏற்கெனவே பார்த்த கூட்டம் அதையே விரும்பிக் கேட்கிறது. அடி கொடுத்தால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக ஓர் அடியைக் கொடுக்க முடியுமா, யாப்பு வேறு வேறாயிற்றே என்ற கேள்வி எழும். இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் பொது இரவுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களுள் இலக்கியம் சார்ந்தது இது ஒன்றுதான். அரபு, பாரசீக வழி வந்த உருதுச் சந்தங்களில் முதகாரிப் என்று ஒன்று உண்டு. ஒரு குற்றசை, இரண்டு நெட்டசை என்ற சீர் நான்கு முறை வந்தால் அதன் முழு அடி. சமஸ்கிருத வழி வந்த இந்தி யாப்பில் இதே வாய்பாட்டுக்குப் புஜங்கப்பிரயாதம் என்று பெயர். துளசிதாசரின் ராமசரிதமானசத்தில் வரும் ருத்ராஷ்டகம் இந்தச் சந்தத்தில் அமைந்தது. ‘நமாமீ ஷமீஷான நிர்வாண ரூபம்’ என்று அது தொடங்குகிறது. இக்பாலின் புகழ்பெற்ற கஜல் ஒன்று ‘சிதாரோன் ஸே ஆகே ஜஹான் அவுர் பீ ஹைன்’ என்று தொடங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நமாமீ, சிதாரோன். தமிழ் யாப்பில் அலகிட்டால் இரண்டும் புளிமாதான். ஒவ்வோர் அடிக்கும் நான்கு புளிமா. சிவனைத் துதித்த அவதி நாட்டுத் துறவியும், விண்மீன்களுக்கு அப்பாலும் உலகங்கள் உண்டு என்று பாடிய லாகூர்க் கவிஞரும் தாளம் பிசகாமல் ஒரே நடையில் நடந்திருக்கிறார்கள். இது ஒற்றை எடுத்துக்காட்டு அன்று. உருதுவின் முதாரிக் இந்தியில் ஸ்ரக்விணி. உருதுவின் ஹஜஜ் முழு அடிக்கு இந்தியில் விதாதா என்ற 28 மாத்திரைச் சந்தம் இணையாகிறது. மீர் மிகுதியாகக் கையாண்ட ஒரு சந்தத்தை உருது இலக்கணிகளே ‘இந்திச் சந்தம்’ என்று அழைத்திருக்கிறார்கள். இந்தச் சந்தங்களில் ஒன்றில் ஓர் அடியை இரு அகாதமிகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்தால், உருதுக் கவிஞர் அதைத் தரஹாகவும் இந்திக் கவிஞர் அதைச் சமஸ்யாவாகவும் எடுத்துக்கொண்டு எழுத எந்தத் தடையும் இல்லை. யார் எவ்வளவு தூரம் போனார் என்பதை அவை அங்கேயே உடனுக்குடன் சொல்லிவிடும்.

அடிக்குப் பதிலாகத் தலைப்பு கொடுத்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அரசு கவியரங்கம் நடத்தினால் தலைப்பு கொடுக்கத்தான் கை துறுதுறுக்கும். 1874இல் லாகூரின் அஞ்சுமன்-இ-பஞ்சாப் இதைச் செய்து பார்த்தது. கல்வித்துறை அதிகாரியான கர்னல் ஹால்ராய்டின் ஊக்குவிப்பில், முகம்மது ஹுசைன் ஆசாத் முன்னின்று, அடிக்குப் பதில் மழைக்காலம் போன்ற பொருள்களைத் தலைப்பாகத் தந்து முஷாயிராக்கள் நடத்தினார்கள். கவிஞர் ஹாலியின் மழைக்காலக் கவிதை அதில் கிடைத்தது, நஸ்ம் எனப்படும், ஒரே பொருளைத் தொடர்ந்து பாடும் நவீன உருதுக் கவிதைக்கு அதனால் ஒரு பாதை திறந்தது. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அவைகள் நெடுநாள் நீடிக்கவில்லை. ஹாலியும் ஆசாதும் இருந்த மேடையில் அது பலித்தது என்பதற்காக, ‘வளர்ந்த தேசம்’ என்றோ ‘தூய்மையான நகரம்’ என்றோ இன்று ஒரு தலைப்பு வந்தால் அதே பயன் விளையும் என்று நான் நம்பவில்லை.

உருதுத் தரப்பிலிருந்து எழக்கூடிய தயக்கத்தை நான் சிறிதும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001 கணக்கெடுப்பில் 5.15 கோடியாக இருந்த உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை, நாட்டின் மக்கள்தொகை பெருகிய 10 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011இல் 5.07 கோடியாகக் குறைந்திருந்தது. அந்தக் கணக்கில் இந்தி 52 கோடியைத் தாண்டியது. இப்படிப்பட்ட அளவு வேறுபாட்டில் ‘சேர்ந்து நடத்துவோம்’ என்று பெரியவர் அழைத்தால் சிறியவருக்கு அச்சம் வருவது இயல்பு. முதலில் பொது இரவு, பிறகு சிக்கனம் கருதி இரண்டு இரவுகளுக்குப் பதில் பொது இரவு மட்டும், பிறகு எல்லாருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகப் பலகையில் இந்தியின் நாகரி எழுத்து மட்டும் என்று அது எந்த வழியில் போகக்கூடும் என்பதை ஊகிக்கத் தமிழனுக்குச் சிரமமில்லை. ஆகவேதான் இருக்கும் இரண்டு இரவுகளின் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்காக எடுக்கக்கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைக்கிறேன். பலகை, அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், பின்னர் வெளியிடும் தொகுப்பு ஆகிய அனைத்தும் உருதுவின் நஸ்தாலீக் எழுத்திலும் நாகரியிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். உருது இந்த நகரத்தின் இரண்டாம் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே இது சலுகை ஆகாது.

எழுத்து குறித்து இன்னும் ஒன்று. 2013இல் தொடங்கிய ரேக்தா இணையதளம் உருதுக் கவிதையை நஸ்தாலீக், நாகரி, ரோமன் என மூன்று எழுத்திலும் தருகிறது. அது தில்லியில் 2015 முதல் நடத்தும் ஜஷ்ன்-இ-ரேக்தா விழாவுக்குத் திரண்டுவரும் இளைஞர்களில் பலருக்கு உருது எழுத்து தெரியாது. இதைப் பார்த்து மகிழ்பவர்களும் உண்டு, எழுத்து அழிந்துபோகும் என்று கவலைப்படுபவர்களும் உண்டு. நான் இரண்டிலும் பாதி நிற்கிறேன். கேட்பதற்கு வந்துவிட்ட ஒருவர் படிப்பதற்கும் வருவார் என்ற நம்பிக்கைக்கு ஓர் ஏற்பாடு வேண்டும்: பொது இரவு நடக்கும் வளாகத்திலேயே உருது அகாதமி தன் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிந்துகொள்ள ஒரு மேசை போட்டு வைக்கட்டும்.

மொழியைச் சமயத்தோடு முடிச்சுப் போடுவோருக்கு நான் தனியாகப் பதில் எழுதப் போவதில்லை. மகாராஷ்டிரத்தின் பாதூர் நகராட்சிப் பெயர்ப்பலகையில் உருது இருக்கக்கூடாது என்று தொடரப்பட்ட வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, கே. வினோத் சந்திரன் அமர்வு அந்தக் கோரிக்கையை நிராகரித்து, மொழி சமயம் ஆகாது என்றும் உருது இந்த மண்ணில் பிறந்த மொழி என்றும் விரிவாகவே எழுதிவிட்டது. அதற்கு முந்தைய மாதம், ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்மீது குஜராத்தில் பதிவான வழக்கை ரத்து செய்த வேறோர் அமர்வு, பேச்சுரிமையைக் காப்பதில் காவல்துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் உள்ள கடமையை நினைவூட்டியது. பொது இரவில் படிக்கப்போகும் கவிதைகளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து ஒப்புதல் தரும் வழக்கத்தை எந்தப் பெயரிலும் கொண்டுவந்துவிடாமலிருக்க இந்த இரண்டு தீர்ப்புகளும் உங்களுக்குத் துணை நிற்கும். ஆட்சியில் இருப்போரைக் குத்தும் ஷேர் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். கோட்டைக்குள் அரசர் அமர்ந்து கேட்ட காலத்திலிருந்தே அது வந்துகொண்டிருக்கிறது.

மேடை நடைமுறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமை வகிப்பவர் கவிஞராக இருக்க வேண்டும். அமைச்சர்களும் அதிகாரிகளும் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். பொன்னாடைகளையும் வாழ்த்துரைகளையும் முதல் கவிஞர் எழுவதற்கு முன்பே முடித்துவிடலாம், முடிந்தால் தவிர்த்தும் விடலாம். தொகுத்து வழங்குபவர் இரு மொழியின் மரபும் அறிந்தவராக இருக்க வேண்டும். பெண் கவிஞர் எழுந்து வரும்போது அவருடைய குரலையும் தோற்றத்தையும் வைத்து நகைச்சுவை செய்யும் கெட்ட வழக்கம் இரண்டு மேடைகளிலும் இருக்கிறது. அதை அவர் செய்யமாட்டார் என்று எழுத்திலேயே உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். நகைச்சுவைக் கவிஞர்கள் வேண்டும், அவர்கள் இல்லாத நீண்ட இரவு தாங்காது. ஆனால் அவர்களும் கொடுத்த அடிக்கு எழுதிவர வேண்டும். போர்முழக்கக் கவிதைக்கு மட்டும் கைதட்டல் கேட்டு வாங்கும் வழக்கத்தைத் தொகுப்பாளர் ஊக்குவிக்காமலிருந்தாலே போதும், அது தானாக அடங்கும்.

அடி தேர்ந்தெடுப்பதற்கு இரு அகாதமிகளிலிருந்தும் இருவர் இருவராக நால்வர் போதும். அந்த அடி வாழும் கவிஞர் எவருடையதாகவும் இல்லாமலிருப்பது நல்லது. தேர்ந்த கஜல் ஒன்றை எழுதிச் செதுக்கக் கவிஞருக்கு மூன்று மாதமாவது வேண்டும் என்பதால், ஜனவரி இறுதியில் அவை கூடுமானால் அக்டோபர் முடிவதற்குள் அடி அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்பை அழைக்கப்பட்ட கவிஞர்களுக்கு மட்டும் அனுப்பாமல் செய்தித்தாள்களிலும் கல்லூரிகளிலும் வெளியிட்டு, பொதுமக்கள் எழுதியனுப்பியவற்றிலிருந்து மூன்று பேரை இரவின் தொடக்கத்தில் படிக்க அழைத்தால் இன்னும் நன்று. மேடையையும் ஒலிபெருக்கியையும் பந்தலையும் மற்ற இரண்டு இரவுகளுக்காக எப்படியும் போடத்தான் போகிறீர்கள். அவற்றை இன்னும் ஓர் இரவு விட்டுவைப்பதற்கான செலவைத் துறை ஏற்கலாம். இந்த ஆண்டு ஆட்சிக்குழுக் கூட்டங்களின் நிரலில் இந்தக் கோரிக்கையைச் சேர்த்து, ஏற்றாலும் மறுத்தாலும் அந்த முடிவை இரண்டு எழுத்திலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தில்லிவாழ் தமிழ் ரசிகன் ஒருவன்